ஏழாம் மாதப் பலகாரமும் மூன்று தீவுகளும்

இந்த வலைப்பதிவில் இதுவரை வந்ததெல்லாம் என் மகள் சுஜியும் மருமகன் பினுவும் எழுதியவை. பாய்மரப் படகிலேயே குடியிருந்து அந்தமான் தீவுகளைச் சுற்றுவது எப்படி என்று எழுதி, பச்சைத் தண்ணீரும் வெள்ளை மணலுமாகப் படம் போடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு, பிள்ளைகள் இப்படிப் படகில் குடியேறிவிட்டால் பெற்றவர்கள் போய்ப் பார்ப்பது எப்படி என்று சிலர் கேட்டிருக்கிறார்களாம். அதற்குப் பதில் சொல்ல இந்தக் குடும்பத்தில் என்னைவிட்டால் ஆளில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். எழுத்து இல்லாதவனுக்கு எல்லாம் தலையில்தான் கிடக்கும். ஒரு வரி குறைந்தாலும் தெரிந்துவிடும்.

நான் குலசேகரம் பக்கம் வாழை வைத்திருக்கிறவன். பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிற கால்வாயில் இடுப்பளவு இறங்கிக் குளித்ததுதான் எனக்கும் நீருக்கும் உள்ள பழக்கம். மருமகன் இரணியல்காரன். கப்பலில் என்ஜின் வேலை பார்த்தான். அதை விட்டுவிட்டு முப்பத்தாறு அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினான். மகள் அதில் உட்கார்ந்து துபாயில் உள்ள ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை பார்க்கிறாள். சின்னஞ்சிறுசுகள் இரண்டு பேர், கொஞ்ச நாளில் அலுத்துப்போகும் என்று நினைத்தேன். ஆனால் பினுவின் அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, புருஷன் இறந்த பிறகு இரணியல் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவரும் படகில் ஏறிவிட்டார். தடுக்க வேண்டிய ஆளே ஏறிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தச் சித்திரைக் கடைசியில் மகளுக்கு ஏழாம் மாதம். எங்கள் பக்கத்தில் முதல் பேறுக்கு ஏழாம் மாதம் பெண் வீட்டார் பலகாரத்தோடு போய் அவளைக் கூட்டி வர வேண்டும். எட்டாம் மாதம் கூட்டுவது வழக்கமில்லை. என் மனைவி பாக்கியத்துக்கு முழங்கால் முட்டு ஆப்பரேஷன் முடிந்து நடை சரியாகவில்லை. ஆகவே நான் தனியாகக் கிளம்பினேன். கிளம்புவதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தீர்மானம் செய்திருந்தோம். பிள்ளை பிறந்த பிறகு மகளைப் படகுக்குத் திருப்பி அனுப்புவதில்லை. பெண்டாட்டி பிள்ளை வேண்டுமென்றால் மருமகன் தரையில் ஒரு வீடு பார்க்கட்டும். பயணத்தின் உண்மையான காரணம் இதுதான். (இதை எழுத மாட்டேன் என்று மகள் பேனாவைக் கீழே வைத்தாள். எழுது என்றேன்.)

ஒரு பெரிய தகர டின் நிறைய முந்திரிக்கொத்து, முறுக்கு, அச்சுமுறுக்கு. அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு நாள் உட்கார்ந்து சுட்டது. அதோடு வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு மட்டிப்பழம், குடுமியோடு ஒரு தேங்காய். வீட்டிலிருந்து மார்த்தாண்டம் வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் இரண்டு மணி நேரம் ஆயிற்று. டின்னைச் சாமான்களோடு போட்டு அனுப்பிவிட்டேன். தேங்காய் கைப்பையில் இருந்தது. சோதனை செய்கிற மலையாளத்துப் பெண் அதை எடுத்து வைத்துக்கொண்டு எதற்கு என்று கேட்டாள். மகளைப் பேறுக்குக் கூட்டப் போகிறேன் என்றேன்.

"அச்சா, மோள் தேங்காயைக் கண்டாத்தான் வருமோ?"

"முறைன்னு ஒண்ணு உண்டில்லியா, பிள்ளே."

"முறையெல்லாம் சரி. தேங்காய் கேறாது."

தேங்காய் அங்கேயே தங்கிவிட்டது. போகிறவர்கள் கைப்பையில் தேங்காய் வைக்காதீர்கள். கொப்பரை தீப்பிடிக்குமாம், அதை எந்தப் பையிலும் வைக்காதீர்கள்.

சென்னையில் மாறி, நடுப்பகலில் போர்ட் பிளேரில் இறங்கினேன். புதுப்பெயர் வேறு, ஆனால் அங்கே எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். படகு போர்ட் பிளேரில் நிற்கும், நேராக ஏறிக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. இறங்கியதும் மகள் போனில் சொல்கிறாள்: "அப்பா, நாங்க நீல் தீவில நிக்கோம். காத்து சரியில்ல. நீங்க கப்பல்ல வந்திருங்க." மார்த்தாண்டம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நாகர்கோவிலில் நிற்கிற கணக்கு. அதையும் சாவகாசமாகச் சொல்கிறாள்.

துறைமுகத்துக்கு ஆட்டோவில் போனேன். நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் தமிழ் ஆள்.

"மருமகன் வீடு எங்க ஐயா?"

"கடல்ல."

"கடல் பக்கத்திலயா?"

"பக்கத்தில இல்ல. கடல்ல."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார்.

அன்றைய கப்பல் போய்விட்டது. பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை அரசுக் கப்பலில் நீல் தீவுக்குப் போனேன். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆதார் அட்டை இல்லாமல் டிக்கெட் தரமாட்டார்கள். தனியார் கப்பலும் உண்டு. வேகமும் கூடுதல், விலையும் கூடுதல்.

துறையிலிருந்து ஒரு ரப்பர் தோணியில் மருமகன் என்னையும் டின்னையும் படகுக்குக் கொண்டுபோனான். பக்கவாட்டில் ஒரு ஏணி தொங்கியது. மேலே சம்பந்தியம்மா நிற்கிறார். இரணியலில் பார்த்தபோது தலையில் முந்தானை போட்டு, கதவுக்குப் பின்னால் நின்று பேசியவர். இப்போது நைட்டிக்கு மேல் மிதவைச் சட்டை, தலையில் ஒரு தொப்பி, கையில் கயிறு.

"வாருங்க அண்ணாச்சி. காலைக் கடல்ல நனைச்சிட்டு ஏறுங்க. உள்ள மண்ணு ஆகப்பிடாது."

மகள் நன்றாகத்தான் இருந்தாள். கறுத்திருந்தாள், அவ்வளவுதான். நான் உட்காருவதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னேன். வியாழக்கிழமை நல்ல நாள். அன்றைக்குக் கப்பலில் போர்ட் பிளேர் போய், அப்படியே விமானம்.

"வியாழக்கிழமையா? நடக்காது அப்பா" என்றாள் மகள்.

மருமகன் விளக்கினான். மழைக்காலம் வருகிறது. அதற்கு முன் படகை வடக்கே லாங் ஐலண்ட் பக்கத்தில் ஒரு கழிமுகத்துக்குள் கொண்டுபோய்க் கட்டிப்போட வேண்டும். என்ஜினை நம்ப முடியாது; பாயை நம்பித்தான் போக வேண்டும். அதற்கு மூன்று பேர் வேண்டும். அம்மாவும் அவனும் இரண்டு, சுஜி மூன்று.

"அப்போ மூணாவது ஆளா நான் நிக்கேன். அவளை அனுப்பு."

சம்பந்தியம்மா தேயிலைத் தண்ணீரை நீட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க நின்னா, உங்களைப் பிடிச்சுக்கிட்டு நிக்க நாலாவதா ஒரு ஆளு வேணும், அண்ணாச்சி."

அதோடு முடியவில்லை. டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு என்று தலையாட்டினார். "இதை ஊருக்குக் கொடுத்துட்டுத்தான் பிள்ளையை அனுப்ப முடியும். பொண்ணு வீட்டுப் பலகாரத்தை வீடு வீடாக் கொடுக்காம எந்த மாமியா மருமவளை அனுப்புவா?"

"ஊரு எங்க இருக்கு?" என்றேன். சுற்றிலும் தண்ணீர்.

அவர் கையை நீட்டி ஒரு வட்டம் போட்டார். "இஞ்ச நீல்ல நாலு வீடு. ஹேவ்லாக்ல ரெண்டு படகு. லாங் ஐலண்ட்ல ஒரு சாயாக்கடை. அதுதான் எங்க ஊரு."

இரணியலில் இருந்துகொண்டு அவர் பலகாரம் கொடுக்காமல் விட்டிருந்தால் முதலில் குறை சொல்லியிருப்பவன் நான். முறை என்று தேங்காயைத் தூக்கிக்கொண்டு போனவனும் நான்தான். தெருவில் பத்து வீட்டுக்குக் கொடுக்க அரைமணி நேரம் ஆகும். இவர்கள் தெரு நூறு கிலோமீட்டர் நீளம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீலில் நாலு வீட்டுக்கு இரண்டு நாள் ஆயிற்று. முதல் வீடு ஒரு வங்காளிக் குடும்பம். அவர்கள் குழாயில்தான் படகுக்குக் குடிதண்ணீர் பிடிக்கிறார்கள். ஐந்து முந்திரிக்கொத்து, மூன்று முறுக்கு என்று சம்பந்தியம்மா ஒற்றைப்படையாக எண்ணி வைத்தார். கொடுத்தோம், வந்தோம் என்று கிடையாது. உட்காரச் சொல்லி, மீன் குழம்பு வைத்து, சோறு போட்டு, மகளுடைய வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று அவர்களுக்குள் தர்க்கம் வேறு. அடுத்த வீட்டிலும் இதே. நான் வாயில்லாத பூச்சிபோல உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் சாப்பாட்டை வேண்டாமென்று சொல்ல எந்த மொழியிலும் முடியவில்லை.

பிறகாவது கிளம்புவோம் என்றால் அதற்கு ஒரு வழக்கு.

"நாளைக்குப் பாய் ஏத்தலாம் மாமா" என்றான் மருமகன்.

"நாளைக்குச் செவ்வாய். வயித்துப்பிள்ளைக்காரி கிளம்பப்பிடாது."

"சரி. புதனும் வியாழனும் காத்து இருக்காது. வெள்ளிக்கிழமை நான் எடுக்க மாட்டேன்."

"வெள்ளிக்கு என்ன?"

"வெள்ளிக்கிழமை படகு எடுக்கிறது ஆகாது, மாமா. கப்பல்ல வெள்ளைக்காரனுவ சொல்லுவானுவ."

"ஏலே, நீ படிச்சவன்தானே? வெள்ளைக்காரன் சொன்னா நாளு பாப்பே, நான் சொன்னா சிரிப்பே?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சனிக்கிழமை போறோம்" என்று சம்பந்தியம்மா தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமையும் நல்ல நாள் இல்லை. அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

படகில் குடியிருப்பதைப் பற்றி மகள் நிறைய எழுதியிருக்கிறாள். அவள் எழுதாததை நான் சொல்கிறேன். நிமிர்ந்தால் தலை இடிக்கும். கக்கூஸ் போனால் ஒரு கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடிப்பது நின்றால் போனது திரும்பி வரும். குளிப்பது கடல் தண்ணீரில். கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர், அதுவும் சம்பந்தியம்மா கையால் அளந்து. அடுப்பு தொட்டில்போல ஆடும். அடுப்பு ஆடுகிறதா நான் ஆடுகிறேனா என்று தெரியாமல் முதல் இரண்டு நாள் கண்ணை மூடியே இருந்தேன். காலையில் எழுந்தால் வாழைத்தோட்டத்தை ஒரு சுற்று நடக்கிற கால் எனக்கு. அங்கே பத்தடி நடந்தால் கடல், திரும்பிப் பத்தடி நடந்தால் மறுபடியும் கடல். மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. இருட்டினால் பேசுவதற்கும் அதே மூன்று முகம்.

இன்னொன்று. ஏத்தன் வாழை குலை தள்ளி நிற்கிற நேரத்தில் காற்று அடித்தால் என் வருஷம் போயிற்று. ஆயுசு முழுக்கக் காற்றே அடிக்கக் கூடாது என்று கும்பிட்டவன் நான். இங்கே மூன்று பேர், காற்று வரவில்லையே என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்வது? நல்லா வேண்டுங்க, அங்கே என் வாழை சாயட்டும் என்று மனதில் சொல்லிக்கொண்டேன்.

நீலிலிருந்து ஹேவ்லாக் பதினெட்டு கிலோமீட்டர் என்றான் மருமகன். திங்கள்நகரிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட வேண்டாத தூரம். காலையில் கிளம்பிச் சாயங்காலம் சேர்ந்தோம். நடுவில் படகு அசையாமல் நின்றபோது ஒரு மிதந்த தேங்காய் எங்களைத் தாண்டிப் போயிற்று. அதை நான்தான் எல்லாருக்கும் சுட்டிக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

போன் சிக்னல் கிடைத்த நேரமெல்லாம் பாக்கியம். "மகளைக் கூட்டப் போனியளா, கடலைக் காணப் போனியளா? இஞ்ச எட்டாம் மாசம் வந்திட்டிருக்கு."

"பலகாரம் கொடுத்து முடியல."

"நாலு பேரு உள்ள படகில எத்தனை நாளு பலகாரம் கொடுப்பிய?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. டின் காலியானால் பலகாரம் கொடுப்பது முடிந்தது. முடிந்தால் போகலாம். ஹேவ்லாக்கில் நங்கூரம் போட்டிருந்த இரண்டு படகுக்கும் நானே கொடுக்கிறேன் என்று சொன்னேன். சம்பந்தியம்மா சந்தோஷப்பட்டு டின்னை என்னிடமே தந்துவிட்டார். மருமகன் தோணியை ஓட்டினான்.

ஒன்றில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி. மற்றதில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்குள் முங்க வைத்து மீன் காட்டுகிற இரண்டு பையன்கள். ஐந்து, மூன்று என்று எண்ணாமல் நான் அள்ளிக் கொடுத்தேன். தட்டு நிறைந்ததும் இன்னொரு தட்டு கேட்டு வாங்கினேன். டின்னின் அடியில் ஒரு செய்தித்தாள் விரித்து, அதற்குக் கீழே தனியாக ஒரு பொதி இருந்தது. அதையும் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் முந்திரிக்கொத்தைக் கையில் வாங்கிக் கல்லா என்று தட்டிப் பார்த்தார். பிறகு கடித்தார். பிறகு நிறுத்தவில்லை.

"மாமா, இவ்வளவும் எதுக்கு?" என்றான் மருமகன்.

"மனசு நிறைஞ்சு கொடுக்கணும் மக்கா" என்றேன்.

அவன் ஒரு மாதிரி என்னைப் பார்த்தான். மாமனாரிடம் எதிர்த்துப் பேசாதவன்; அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹேவ்லாக்கிலிருந்து வடக்கே போன நாள்தான் காற்று வந்தது. வந்தால் இப்படியா வரும்? படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் விளிம்பில் ஏறி ஓடியது. நான் காலி டின்னைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன். மகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கயிறு இழுக்கிறாள். "ஏட்டி, உக்காரு" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. சம்பந்தியம்மா சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, வாயில் வெற்றிலையோடு நின்றார். ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக ஒரு சம்பந்தியை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குமேல் லாங் ஐலண்ட் சேர்ந்தோம். சிறிய தீவு. துறையை ஒட்டி ஒரு சாயாக்கடை. இறங்குவதற்கு முன் சம்பந்தியம்மா டின்னைத் திறந்தார். உள்ளே முறுக்குத் தூளும் செய்தித்தாளும்.

"அண்ணாச்சி, பேப்பருக்கு அடியில நான் எடுத்து வச்சது எங்க?"

"கொடுத்தாச்சு."

"யாருக்கு?"

"அந்த வெள்ளைக்காரருக்கு. ரொம்பப் பிடிச்சுப்போச்சு அவருக்கு."

அவர் டின்னை மூடினார். வைதிருந்தால் நானும் இரண்டு சொல்லியிருப்பேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, முந்தானைக்குப் பதில் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தோணியில் இறங்கினார். மகளும் என்னைப் பார்க்கவில்லை.

சாயாக்கடைக்காரி பெயர் சரசு. அந்தத் தீவிலேயே பிறந்தவள், தமிழ் பேசுகிறாள். மகளைக் கண்டதும் அடுப்பை விட்டு ஓடிவந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதான் அப்பாவா? உக்காருங்க, அந்தப் பலகையில உக்காருங்க" என்றாள்.

கடையை அடைக்கிற மரப்பலகைகளில் ஒன்றைக் கல்லின்மேல் போட்டு பெஞ்சாக்கி வைத்திருந்தாள். உட்கார்ந்தேன்.

"இது மேலதான் இவளைத் தூக்கிட்டுப் போனது" என்றாள் சரசு, சாயாவை ஆற்றிக்கொண்டே. "நாலாம் மாசம். ரத்தமாப் போகுது, போனுக்கு சிக்னல் இல்ல, இவங்க வீட்டுக்காரன் பாவம் நின்னு நடுங்கறான். கடையில சாமான் எல்லாத்தையும் கீழ தள்ளிட்டுப் பலகையை உருவிட்டு வந்தேன். நாலு பேர் தூக்கி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். நர்ஸம்மா இருந்தாங்க, நல்லதாப் போச்சு. ஒரு வாரம் இந்தக் கடையிலதான படுத்திருந்தா. மகளே, கஞ்சியைத் துப்புவியே, அதை அப்பாகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை, பாக்கியத்துக்கும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் போனில் நான் கேட்டபோதெல்லாம், "நல்லாருக்கேன்ப்பா, இன்னைக்கு ஆமை பார்த்தோம்" என்றுதான் சொன்னாள். சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போயிருப்பேன் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. அது சரிதான். இழுத்துத்தான் போயிருப்பேன்.

மகள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. கொடுக்க வேண்டிய ஒரே வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து நிற்கிறேன். யாரோ ஒரு பல்லுப் போன வெள்ளைக்காரர் அங்கே உட்கார்ந்து சரசுவின் பங்கைக் கடித்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் நானே சொன்னேன். "மக்கா, வீட்டிலயிருந்து பலகாரம் கொண்டாந்தேன். உனக்குள்ளதை நான் வழியில கொடுத்துத் தீத்துட்டேன். எனக்குத் தெரியாது."

சரசு சிரித்தாள். "அதுக்கென்ன அப்பா. பிள்ளை பொறந்து இவ திரும்பி வரும்போது கொண்டாங்க. நீங்களும் வாங்க. பிள்ளையை இந்தப் பலகையில கிடத்தி நான் பார்க்கணும்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பிள்ளை பிறந்தால் அனுப்புவதில்லை என்று வீட்டில் முடிவெடுத்து வந்தவன் நான். அது சரசுவுக்குத் தெரியாது. ஆனால் சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்று அந்த நிமிஷம் எனக்கு விளங்கியது. பெண்ணைக் கூட்டிப்போக வந்த ஒரு தகப்பன் முகத்தில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"கொண்டுவாறேன்" என்றேன்.

"சாட்சிக்கு நான் இருக்கேன் அண்ணாச்சி" என்றார் சம்பந்தியம்மா. ஏணி ஏறியதிலிருந்து அன்றைக்குத்தான் அவர் என்னிடம் மரியாதையாகப் பேசினார் என்று தோன்றியது.

மறுநாள் படகைக் கழிமுகத்துக்குள் கொண்டுபோய்க் கட்டினார்கள். இரண்டு பக்கமும் சதுப்புமரம். குலை தள்ளின வாழைக்குக் கயிறு கட்டுவதுபோல நாலாபுறமும் இழுத்துக் கட்டினார்கள். அந்த வேலையில் மட்டும் நான் குறை சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்தது, நான் சொன்ன வியாழன் இல்லை, அதற்கும் அடுத்தது. சம்பந்தியம்மா மகளுக்குத் திருநீறு பூசி, தலையில் பூ வைத்தார். பூ எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. புருஷன்காரன் கூடவே வந்து விடக் கூடாது, வாசலோடு நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வாசலைத் தாண்டினால் கடல். தோணியை ஓட்டுகிறவன் புருஷன். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். சம்பந்தியம்மா நைட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பை எடுத்தார். மருமகன் படகிலேயே நின்றான். மகள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். நாலைந்து தடவை பார்த்தாள். நான் பார்க்காததுபோல இருந்துகொண்டேன்.

லாங் ஐலண்டிலிருந்து போர்ட் பிளேருக்கு அரசுக் கப்பல் உண்டு. தினமும் கிடையாது, முந்தின நாளே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பகல் பயணம். இல்லையென்றால் ரங்கத் போய் பஸ். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அந்தச் சாலை ஆகாது. விமானத்தில் ஏழாம் மாதத்துக்குமேல் டாக்டரிடம் சீட்டு வாங்காமல் ஏற்றமாட்டார்கள். போர்ட் பிளேரில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

ஒரு வாரத்தில் திரும்ப வேண்டிய பயணம் இரண்டு வாரத்துக்குமேல் ஆயிற்று. எட்டாம் மாதம் பிறப்பதற்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டு நடையேறினோம். பாக்கியம் ஆரத்தித் தட்டோடு நின்று, மகளைப் பார்த்து அழுதாள், என்னைப் பார்த்து, "தேங்காய் எங்க?" என்றாள். அடுத்த வாரமே நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். எல்லாம் சரியாக இருக்கிறது.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைகள் ஒரு ஊரின் பெயரைச் சொன்னால் அங்கே இருப்பார்கள் என்று நம்பாதீர்கள். திரும்புவதற்கு டிக்கெட்டை முன்கூட்டியே போடாதீர்கள். செருப்பு வேண்டாம். குளிருக்கு ஒன்றும் வேண்டாம். வாந்திக்கு மாத்திரை வேண்டும். பலகாரம் என்றால் ஒரு டின் போதாது. இரண்டு டின் கொண்டுபோங்கள். ஒன்றைத் திறக்கவே திறக்காதீர்கள். யாருக்கு என்று தெரியாமல் அடியில் இருப்பதைத் தொடாதீர்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே வைகாசிப் பாதியில் பிடிக்கிற இடவப்பாதி மழை. காற்றும் இருக்கிறது. வாழையைப் பார்க்கத்தான் வெளியே போனேன். போன இடத்தில் அந்தக் கழிமுகத்துக் கயிறெல்லாம் இறுக்கமாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இது தேவையில்லாத தொல்லை. ஒரு காற்றுக்குக் கவலைப்பட்டவனை இரண்டு காற்றுக்குக் கவலைப்பட வைத்துவிட்டார்கள்.

பாக்கியத்திடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். பலகை, சரசு, நான் கொடுத்த வாக்கு, எல்லாம். நம்முடைய தீர்மானம் என்னவாகும் என்று கேட்பாள், அதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. ஆப்பரேஷன் செய்த முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அந்த ஏணிக்கு எத்தனை படி?"

"நாலு" என்றேன். "நாலும் ஆடும்."

"நீங்க பிடிச்சா ஆடாது" என்றாள்.